கோல் கம்பத்தடிச் சாம்பல்

நான் பிழைக்க வந்த இந்த வெளிநாட்டு ஊரில், கால்பந்து மைதானத்தின் வெள்ளைக் கோட்டுக்கு வந்ததும் நான் ஷூவைக் கழற்றிவிடுவேன். யாரும் கழற்றச் சொல்லவில்லை. மழை பெய்தாலும் கழற்றுவேன், பாதம் விறைத்து யாருடைய பாதமோ போல் ஆகிவிடும் குளிரிலும் கழற்றுவேன். முதல் நாள் இதைப் பார்த்த கென், கையிலிருந்த தேநீர்க் கோப்பையைக் கீழே வைக்காமலே, "இங்கே நீச்சல் குளம் எதுவும் இல்லை, தெரியும்தானே?" என்று கேட்டார். கென் இந்த மைதானத்தைப் பராமரிப்பவர். எங்கள் ஊரில் ஆடுகளத்துக்குள் செருப்போடு இறங்குவதில்லை என்று என்னுடைய ஆங்கிலத்தில் விளக்கினேன். அவரும் பொறுமையாகத் தலையாட்டிக் கேட்டுக்கொண்டார். அந்த வாரக் கடைசிக்குள், நான் ஏதோ ஒரு மதத்தைச் சேர்ந்தவன் என்றும், அந்த மதத்தில் புல் தெய்வம் என்றும் கிளப் முழுக்கச் செய்தி பரவிவிட்டது. கான்டீன் பெண்மணி என் தட்டில் கீரை, இலை, தழை எதுவும் வைப்பதில்லை. மதநல்லிணக்கம் என்பது நடைமுறையில் இப்படித்தான் இருக்கும் போலிருக்கிறது.

எண்பதுகளில் எங்கள் ராஜபாளையத்துக் கூடைப்பந்துக் களம் மண் தரைதான். மத்தியானம் சாய்ந்ததும் தண்ணீர் தெளிப்பார்கள், ஈரம் இழுத்ததும் உருளையை உருட்டுவார்கள், சுண்ணாம்புத் தூளில் கோடு போடுவார்கள். கோடு போட்ட பிறகு ஆடுகிறவனின் கான்வாஸ் ஷூ தவிர வேறெதுவும் உள்ளே போகக்கூடாது. மீறினால் கிளப் செயலாளர் ராஜு, "ஏமிரா, இது ஒங்க மாமனார் வீட்டு வாசலா?" என்று பாதித் தெலுங்கிலும் பாதித் தமிழிலும் வாங்கு வாங்கென்று வாங்குவார். ஆனால் மறுநாள் காலையில் அதே களத்தில் மிளகாய் வற்றல் காயும், ஆடு படுத்திருக்கும், யாராவது சைக்கிள் பழகுவார்கள், மில் சங்கத்துக் கூட்டம் நடக்கும். சாயங்காலம் ஆனதும் எல்லோரும் எழுந்து போய்விட, அது மறுபடியும் செருப்புக் கழற்றும் இடமாகிவிடும். இங்கே அப்படி இல்லை. இரண்டு வாரத்துக்கு ஒரு தரம் ஆட்டம், மற்ற நாளெல்லாம் மைதானம் புல்லின் சொத்து. அதில் கால் வைக்க ஆடுகிறவனுக்கே அனுமதி வேண்டும்.

அந்தப் புல்லை ஆள் இல்லாமல் வெட்டுவதற்கு ஓர் இயந்திரம் செய்வதுதான் என் வேலை. ரோபோ என்று சொன்னால் மனித முகமும் சிவப்புக் கண்ணும் எதிர்பார்க்கிறார்கள். இது இட்லிக் கொப்பரையைக் கவிழ்த்து நான்கு சக்கரம் மாட்டியதுபோல இருக்கும். மைதானத்தைச் சுற்றி மண்ணுக்கடியில் ஒரு கம்பி ஓடுகிறது, அதில் மெல்லிய மின்சாரம். இயந்திரத்தின் வயிற்றில் இருக்கும் கம்பிச்சுருள் அதை உணர்ந்ததும் நின்று, திரும்பி, வேறு பக்கம் மேயப் போய்விடும். தொடக்கூடாத இடம் நடுவில் ஏதாவது இருந்தால் அதைச் சுற்றியும் கம்பி புதைத்துவிட வேண்டும், இயந்திரம் அந்தத் தீவைச் சுற்றிக்கொண்டு போகும். சில வருடங்களுக்கு முன், இந்த வேலையில் சேர்ந்த புதிதில், இவ்வளவையும் ஸ்ரீவில்லிபுத்தூரில் போலீஸ் ஏட்டாக இருக்கும் என் அண்ணனுக்குத் தொலைபேசியில் விளக்கி முடித்தேன். "ஏலே, இதுக்கா அம்புட்டுத் தூரம் போனே? ரெண்டு ஆட்ட அவுத்துவிட்டா திங்காதா?" என்றான். அன்றிலிருந்து எனக்குள் அந்த இயந்திரத்தின் பெயர் ஆடுதான். பக்கத்திலிருந்து ரிசீவரை வாங்கிய அப்பா வேறொன்று கேட்டார்: "அது வழி தவறிச்சின்னா யாருப்பா கூட்டியாருவா?" கம்பி அறுந்தால்தான் வழி தவறும் என்றேன். "அப்பம் கம்பியப் பாத்துக்கோ" என்று சொல்லி வைத்துவிட்டார்.

நான் பஞ்சு ஊரிலிருந்து புல்லுக்கு வந்த கதை சுருக்கமானதுதான். எண்பதுகளில் ராஜபாளையத்து நூற்பு மில் ஒன்றில் நான் பராமரிப்புப் பிரிவில் இருந்தேன். நூற்பு எந்திரங்களுக்கு மேலே தண்டவாளத்தில் ஒரு ஊதுகுழல் தானாகவே போகும், தானாகவே திரும்பி வரும். அதன் இரண்டு பக்கமும் தொங்கும் குழாய்கள் தரையில் கிடக்கும் பஞ்சுத் தூசியை உறிஞ்சிக்கொண்டே போகும். மில்லில் அதற்கு யானை என்று பெயர். யானைக்கு உடம்பு சரியில்லையென்றால் என்னைக் கூப்பிடுவார்கள். பிறகு மில் இயந்திரம் செய்கிற கம்பெனி ஒன்று என்னை இங்கே அழைத்தது. நான் வந்து சேர்ந்த சில வருடங்களில் அந்தக் கம்பெனி மூடப்பட்டது. இதில் என் பங்கு எதுவும் இல்லை என்றே நம்புகிறேன். இந்த ஊரும் ஒரு காலத்தில் நூல் மில் ஊர்தான். மில்கள் எல்லாம் போய்ப் புகைபோக்கிகள் மட்டும் நிற்கின்றன. யானை மேய்த்தவன் ஆடு மேய்க்க மாட்டானா என்று, ஒரு கொட்டகையில் இயந்திரம் செய்துகொண்டிருந்த மூன்று பேர் என்னை நாலாவது ஆளாகச் சேர்த்துக்கொண்டார்கள். எங்கள் ஆட்டைச் சோதித்துப் பார்க்க இந்தச் சின்ன கிளப் தன் மைதானத்தைக் கொடுத்தது.

மைதானத்தில் சோதனை தொடங்கிய வருடக் கோடையில் ஆடு ஓரிடத்தில் மட்டும் தடுமாறியது. வடக்குப் பக்கக் கோல் கம்பத்தடியில், ஒரு முறம் அளவுக்குப் புல் கருகி வழுக்கையாகக் கிடந்தது. ஈரத்தில் அங்கே சக்கரம் வழுக்கிச் சுற்றியது. நான் வெறுங்காலோடு பல நாள் அதன்மேல் நின்று யோசித்திருக்கிறேன். சாம்பல் நிறத்தில் தூளாக ஏதோ மண்ணோடு கலந்திருந்தது. விரலில் எடுத்துத் தேய்த்தேன், முகர்ந்தேன். எங்கள் ஊர் அனுபவத்தில் இதற்கு ஒரே விளக்கம்தான். கோடு போடும்போது சுண்ணாம்பு கொட்டியிருக்கிறது. கென்னிடம் போய் இங்கே யாரோ கவனமில்லாமல் கொட்டிவிட்டார்கள் என்றேன். கென் அந்த இடத்தைப் பார்த்துவிட்டு, "அது ஆர்தர்" என்றார். இனிமேல் பார்த்துப் போடும்படி ஆர்தரிடம் சொல்லிவையுங்கள் என்றேன் நான். கென் என்னை வெகுநேரம் பார்த்தார். "சொல்லிப் பார்க்கலாம். கேட்க மாட்டார்" என்றார்.

பிறகுதான் விளக்கம் வந்தது. ஆர்தர் இந்த ஊர் மில்லில் வேலை பார்த்தவர், வாழ்நாள் முழுக்க இந்த கிளப்பின் ரசிகர். பனிக்காலத்தின் முடிவில் இறந்துபோனார். அவருடைய அஸ்தியை அவர் கேட்டுக்கொண்டபடி மனைவி டோரத்தி கோல் கம்பத்தடியில் தூவினார். இப்படித் தூவுவது இந்த நாட்டில் ரசிகர்களின் வழக்கம். புல்லுக்கு அது ஆகாது என்பதால் கென் போன்றவர்கள் உள்ளூரப் பதறுவார்கள், ஆனாலும் தொப்பியைக் கழற்றிக்கொண்டு ஓரமாக நிற்பார்கள். நான் கேட்டுக்கொண்டே என் பாதங்களைப் பார்த்தேன். செருப்புக் கழற்றும் மரியாதையால் ஒரு மனிதர்மேல் வாரக்கணக்காக வெறுங்காலோடு நின்றிருக்கிறேன். வீட்டுக்குப் போனதும் நேரே குளியலறைக்குள் நுழைந்து தலைக்கு ஊற்றிக்கொண்டேன். மனைவி கதவருகே வந்து, "சாயங்காலத்துல என்ன தலைக்கு ஊத்துறீக? யாரு தவறிட்டாக?" என்று பதறினாள். "ஆர்தர்" என்றேன். யார் அது என்று கேட்டாள். தெரியாது என்றேன். உண்மையைச் சொன்னால் சில சமயம் அப்படித்தான் ஒலிக்கும்.

ஆடி பிறந்த சமயம் கிளப்பின் தலைவர் எங்களை அழைத்தார். மேசை நாற்காலிக் கடை வைத்திருப்பவர், நல்ல மனிதர். அக்கம்பக்கத்துக் கிளப்புக்காரர்கள் எங்கள் இயந்திரத்தைப் பார்க்க வருகிறார்கள், அதற்குள் அந்த வழுக்கையைத் தோண்டியெடுத்துவிட்டுப் புதுப் புல்தரை பதிக்க வேண்டும் என்றார். தோண்டிய மண் எங்கே போகும் என்று கேட்டேன். கட்டட இடிபாடு ஏற்றும் லாரி ஒன்று வரும், அதில் போட்டுவிடலாம் என்றார். அந்த மண்ணுக்குள் யார் இருக்கிறார் என்பது அவருக்கும் தெரியும். சொல்லிவிட்டு ஜன்னலைப் பார்த்தார். அந்த இடத்தைச் சுற்றிக் கம்பி புதைத்துத் தீவாக விட்டுவிடலாம், இயந்திரம் தொடாமல் சுற்றிக்கொண்டு போகும் என்றேன். எங்கள் இயந்திரத்தின் பெருமையையும் காட்டியதாக இருக்கும் என்று கொஞ்சம் வியாபாரமும் கலந்தேன். "கோல்கீப்பர் விழுகிற இடம் அது. அவனும் சுற்றிக்கொண்டு போவானா?" என்று கேட்டார் அவர்.

கென் சொல்லித்தான் டோரத்தி அம்மாளுக்கு விஷயம் தெரிந்திருக்க வேண்டும். மறுநாள் காலியான பார்வையாளர் வரிசையில் உட்கார்ந்திருந்தார். என்னைக் கைகாட்டி அழைத்தார். இயந்திரத்துக்காரன் என்பதால், என்ன செய்வது என்று முடிவெடுப்பவனும் நான்தான் என்று நினைத்துவிட்டார். "அவரை லாரியில் ஏற்றப் போகிறீர்களா?" என்று கேட்டார். நான் இல்லை என்று சொன்னேன். அது என் கையில் இல்லை என்று நான் சொல்ல நினைத்தது. ஏற்ற மாட்டோம் என்று அவருக்குக் கேட்டது. நன்றி என்று என் கையைப் பிடித்துக்கொண்டார். திருத்துவதற்குள் பேச்சு வேறெங்கோ போய்விட்டது. உங்கள் அப்பா இருக்கிறாரா என்று கேட்டார். சில வருடங்களுக்கு முன் போய்விட்டார் என்றேன். எங்கே வைத்திருக்கிறீர்கள் என்றார். ராமேஸ்வரம் என்ற ஊரில், கடலில் கரைத்துவிட்டார்கள் என்றேன். டோரத்தி அம்மாள் ஆர்வமாகத் திரும்பினார். "கடலில் எந்த இடத்தில்?" என்று கேட்டார்.

எனக்குத் தெரியவில்லை. அப்பா ஓய்வுபெற்ற ஃபிட்டர். கடைசி வருடங்களில் ஸ்ரீவில்லிபுத்தூரில் அண்ணனுடைய போலீஸ் குடியிருப்பில் இருந்தார். ஆனால் சாயங்காலம் ஆனால் அங்கே இருப்புக்கொள்ளாது. துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு ராஜபாளையம் பஸ் ஏறிவிடுவார். ஆட்டம் இருந்தாலும் இல்லாவிட்டாலும் கூடைப்பந்துக் களத்துக்கு வெளியே, விளக்குக் கம்பத்தில் சாய்ந்து நிற்பார். அவர் ஒரு நாளும் பந்தைத் தொட்டதில்லை. எந்த அணி கூடையில் போட்டாலும் கை தட்டுவார், அதனால் இரண்டு பக்கத்துக்காரர்களும் அவரை முறைப்பார்கள். அண்ணி கோபித்துக்கொண்டால், "செத்த நேரம் பாத்துட்டு வாரேன், அதுக்கென்ன" என்பாராம். அவர் போனபோது என் பாஸ்போர்ட் விசா நீட்டிப்புக்காக இங்குள்ள அலுவலகத்தில் கிடந்தது. போக முடியவில்லை. அப்பாவுக்குக் கொள்ளி வைப்பது மூத்தவன்தான், அதில் எனக்குக் குறையொன்றும் இல்லை. எல்லாம் முடிந்தது, ராமேஸ்வரத்திலும் கரைத்தாகிவிட்டது என்று அண்ணன் தொலைபேசியில் சொன்னபோது சரி என்று மட்டும் சொன்னேன். கடலில் எந்த இடம் என்று கேட்க வேண்டும் என்றே எனக்குத் தோன்றவில்லை.

அந்த ஞாயிற்றுக்கிழமை அண்ணனை அழைத்தேன். ஆடிப்பூரத் தேர் பந்தோபஸ்து முடிந்து அவனுக்குத் தொண்டை கட்டியிருந்தது. கூட்டத்தைப் பற்றியும் வடம் பிடிக்கிறவர்கள் யாரும் தன் பேச்சைக் கேட்காததைப் பற்றியும் கொஞ்சம் புலம்பினான். பிறகு கேட்டேன். "கடல்ல எடம் என்னலே எடம்? ஸ்டேஷனுக்கு எல்ல போட்ட மாதிரி போட்டா வச்சிருக்காக?" என்று சிரித்தான். நான் சிரிக்கவில்லை என்பது அவனுக்குத் தெரிந்திருக்கும்.

"எல்லாரும் எறங்குற எடந்தான்" என்றான். "இடுப்பு மட்டுக்குத் தண்ணி. மாமா பின்னால நின்னு துண்டப் பிடிச்சிக்கிட்டாரு, விழுந்துருவேன்னு. கலயத்தக் கவுத்தேன். போயிட்டாகன்னுதான் நெனச்சேன். ஒரு அல வந்து கொஞ்சத்தத் திருப்பிக் கொண்டாந்து என் வயித்துல அப்பிட்டுப் போச்சு. தட்டிவிட மனசு வரல தம்பி. அப்படியே வந்து வேன்ல உக்காந்துட்டேன். அருப்புக்கோட்டையில டீ குடிக்க எறங்கையில பாக்கேன், காஞ்சு உதுந்துபோயிருக்கு."

இதுவரை யாரிடமும் சொன்னதில்லை என்றான். நீதான் கேட்டே என்றான்.

மறுநாள் தலைவரிடம் போனேன். தோண்டுங்கள், ஆனால் லாரி வேண்டாம் என்றேன். வடக்குக் கோலுக்குப் பின்னால், வலைக்கும் விளம்பரப் பலகைக்கும் நடுவில், ஆட்டத்துக்கு உதவாத ஒரு துண்டு நிலம் உண்டு. எங்கள் கம்பி அந்தப் பலகையை ஒட்டித்தான் ஓடியது. அதை வலையை ஒட்டி உள்ளே இழுத்துப் புதைத்துவிட்டால் அந்தத் துண்டு இயந்திரத்தின் எல்லைக்கு வெளியே போய்விடும். ஆர்தரை அங்கே கொண்டுபோய்விடலாம். அங்கே புல் வளர்ந்தால் என்ன செய்வது என்றார் தலைவர். கையால் வெட்டிக்கொள்கிறேன் என்றார் கென், யாரும் கேட்காமலே. எங்கள் ரோபோவை மைதானத்துக்குள் விட்ட நாளிலிருந்து, தன் வேலைக்குப் போட்டி வந்த வருத்தத்தில், என்னிடம் பெரும்பாலும் நாயைப் பற்றியே பேசிக்கொண்டிருந்தவர் அவர். ராஜபாளையம் என்பது ஒரு நாயின் பெயர் என்று ஏதோ புத்தகத்தில் படித்திருந்தார், அது ஊரின் பெயரும்கூட என்பதை இன்னும் முழுதாக நம்பவில்லை.

தலைவர் சம்மதித்தார். அடுத்த நாள் காலையில் மூன்று பேரும் கூடினோம். டோரத்தி அம்மாள் கோட்டும் தொப்பியுமாக, யார் வீட்டுக்கோ விருந்துக்குப் போவதுபோல் வந்திருந்தார். கென் மேல்மண்ணை மண்வெட்டியால் கவனமாக அரிந்து எடுத்தார், நான் தள்ளுவண்டியில் கொண்டுபோய்ப் பின்னால் பரப்பினேன். ஒரு சாண் ஆழம் போனதும் கென் நிமிர்ந்தார். வசந்த கால மழை முழுக்க இந்த மண்ணில் இறங்கியிருக்கிறது. ஆர்தர் எதுவரை போயிருக்கிறார் என்று யாருக்குத் தெரியும்? "எவ்வளவு ஆழம் இருப்பார்?" என்று டோரத்தி அம்மாள் கடைசியில் என்னிடம்தான் கேட்டார். அதற்கும் இயந்திரத்துக்காரன்தான் பதில் சொல்ல வேண்டும் போலிருக்கிறது.

நான் அண்ணன் சொன்னதைச் சொன்னேன். இடுப்பளவுத் தண்ணீர், பின்னால் துண்டைப் பிடித்துக்கொண்ட மாமா, திரும்பி வந்த அலை, வேன், டீக்கடை. என் ஆங்கிலத்தில் அது எப்படி ஒலித்ததோ தெரியவில்லை. ஓரிடத்தில் அலைக்கும் வேனுக்கும் நடுவில் இலக்கணம் முழுதும் கைவிட்டுப்போனது. டோரத்தி அம்மாள் கேட்டு முடித்துவிட்டு, "டீ நன்றாக இருந்ததா?" என்றார். அண்ணனிடம் கேட்கவில்லை என்றேன். கேட்டிருக்க வேண்டும் என்றார். சிரித்தார், பிறகு கைக்குட்டையை எடுத்தார். "போதும் கென். மிச்சம் அங்கேயே இருக்கட்டும்."

பின்னால் பரப்பிய மண் காற்றில் பறக்கத் தொடங்கியது. கென் பூவாளியில் தண்ணீர் கொண்டுவந்தார். டோரத்தி அம்மாள் அதை வாங்கி, கனம் தாங்காமல் என்னிடம் நீட்டினார். நான் ஊற்றினேன். எப்படி ஊற்ற வேண்டும் என்று எனக்குத் தெரியாது. எங்கள் வீட்டில் நான் இளையவன், இதற்கெல்லாம் எனக்கு முறை வரவில்லை. மண் கறுத்து அடங்கும்வரை ஊற்றினேன். எந்தத் திசையைப் பார்த்து நிற்பது என்று குழம்பி, கடைசியில் வலையைப் பார்த்து நின்றேன்.

ஆட்டைப் பார்க்க வந்த கிளப்புக்காரர்கள் திருப்தியாகத்தான் போனார்கள். கோலுக்குப் பின்னால் மட்டும் ஏன் வெட்டாமல் விட்டிருக்கிறது என்று ஒருவர் கேட்டார். தொழில்நுட்பக் காரணம் என்றேன், அவரும் குறித்துக்கொண்டார். கம்பத்தடியில் பதித்த புதுப் புல்தரை இன்னும் சுற்றியிருக்கும் புல்லோடு சேரவில்லை. வேறொரு பச்சையில், சட்டையில் போட்ட ஒட்டுப்போல, தூரத்திலிருந்தே தெரிகிறது. ஆர்தர் அதற்கடியிலும் இருக்கிறார், வலைக்குப் பின்னாலும் இருக்கிறார். டோரத்தி அம்மாள் கணவரோடு எப்போதும் உட்காரும் பக்கவாட்டு இருக்கையை விட்டுவிட்டார். ஆட்ட நாட்களில் இப்போது வடக்குக் கோலுக்குப் பின்னால், நின்றுகொண்டு பார்க்கிறவர்களோடு நிற்கிறார். இடம் பிடித்து வைத்து என்னையும் கூப்பிடுவார். கோல் விழுந்து கூட்டம் கூச்சலிடும்போது அவர் முதலில் பலகைக்கு அந்தப்பக்கம், காலடியில் இருக்கும் மண்ணைப் பார்ப்பார். அதன் பிறகுதான் வலையைத் தாண்டிக் கம்பத்தடியைப் பார்ப்பார். அப்பாவுக்காக நான் பார்க்க வேண்டிய இடங்களில் ஒன்றுகூட அந்த மைதானத்தில் இல்லை. ஆனாலும் அவர் பார்க்கும் இரண்டு இடத்தையும் அதே வரிசையில் பார்க்க என் கழுத்து பழகிவிட்டது.